ஏழடிக் கதவு

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
06.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் கஜீவனும் மகளும் சுகம். நீங்களும் சுகமென்றும், மச்சாளின் முழங்கால் இந்த மாதமாவது அவவைப் படியேற விடுகிறதென்றும் நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் உங்களுக்குக் கேட்காது. மச்சாளின் போனுக்கு எழுதி அனுப்பினால் அவ தன் விளக்கத்தையும் சேர்த்துத்தான் உங்களுக்குக் காட்டுவா. அம்மாவுக்கு எழுதின மாதிரி இனி எனக்குக் கடிதம் எழுதுங்கள். அம்மா போய் ஒரு வருசமாகிறது. தபால்பெட்டியில் விளம்பரத் தாள்தான் நிறைந்து கிடக்கிறது.

எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. இவ்வளவு காலமும் செயின்ட்-மிஷேல் மண்டபங்களில் மாப்பிள்ளை பொம்பிளையின் படத்தைப் புறொஜெக்டரால் சுவரில் விடுகிறவள்தானே நான். சாமத்தியச் சடங்குகளுக்கு மயிலும் தாமரையும் விட்டு விட்டுக் கண் பூத்துப்போனது. இப்போது றெபேக்கா என்ற ஒரு மோஹாக் பூர்வகுடிப் பெண் என்னைத் தன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கானவாகேயில் இருக்கிறாள். எழுபது வருடத்துக்கு முதல், கப்பல் போக வாய்க்கால் வெட்டுகிறோம் என்று அவளுடைய சனத்தின் ஆற்றங்கரை வீடுகளை எடுத்து உடைத்தார்களாம். அந்த வீடுகளின் வாசற்கதவுகளைப் பழைய படங்களில் இருந்து எடுத்து, துறைமுகத்தில் ஒரு பழைய களஞ்சியச் சுவரில் ஒளியாக விடப்போகிறாள். எட்டுக் கதவுகள். அவளுக்கு ஒரு பிடிவாதம்: எந்தக் கதவும் உண்மையான அளவைவிட ஒரு அங்குலமும் கூடவோ குறையவோ கூடாது. பெரிதாகக் காட்டினால் சனம் ரசித்துவிட்டுப் போய்விடும், ஆளுயரத்தில் இருந்தால்தான் தட்டிப் பார்க்க நினைக்கும் என்கிறாள்.

பலாலி ஆமிக் காம்புக்குள் போன எங்கள் வசாவிளான் வீட்டைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். "உன் வீட்டை ஒன்பதாவது கதவாக வை" என்றாள். அண்ணை, எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாட்டில் எங்கள் காணியைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு அந்த வீட்டில் கதவு மட்டும்தான் ஞாபகம். மேலே அரைவட்டமாக நீலமும் மஞ்சளும் கண்ணாடி. உங்களுக்கு அப்போது பதினேழு வயது, எல்லாம் தெரிந்திருக்கும். அந்தக் கதவைப் பற்றி எழுதுங்கள். இன்னொன்று, றெபேக்கா எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதி வாங்குகிறாள்: உங்களுக்கு முதல் அங்கே இருந்தது யார்? அதற்கும் பதில் வேண்டும்.

மச்சாளுக்கு என் அன்பு.

நிரோஜா


சிவமயம்

யாழ்ப்பாணம்
30.09.2024

அன்பான தங்கச்சி நிரோஜாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சுகம் என்றறிந்து ஆறுதல். இங்கே சங்கக்கடையில் அரிசி வரத்துக் குறைவு, சனம் மனேஜர் என்று என்னைத்தான் ஏசுகிறது. காது கேட்காதபடியால் பாதி ஏச்சு மிச்சம். ஜெகதீஸ்வரிக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறோம்.

வசாவிளான் காணி இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளேதான். போன மாதம் பக்கத்து ஒழுங்கை வரை விட்டார்கள். எங்களுடையது நாற்பது யார் தூரம் உள்ளே. பூவரசு பெரிய மரமாகி நிற்பது தெரிகிறது. அப்பப்பா பனங்காட்டை வெட்டித் துப்புரவாக்கின காணி அது. அதற்கு முதல் அங்கே யாரும் இருக்கவில்லை என்று அப்பா உயிரோடு இருந்த காலத்தில் சொல்லுவார்.

கதவு பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. படம் விடுவதென்றால் கோயில் கோபுரம் ஒன்றை விடலாமே, எல்லோருக்கும் பிடிக்கும். பழையதைக் கிண்டி என்ன காணப்போகிறோம். மகளைக் குளிருக்குள் கவனமாக வைத்திரு.

இப்படிக்கு
அண்ணை மகேந்திரராசா


மொன்றியல்
20.10.2024

அன்புள்ள அண்ணை,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் இருவரின் நலனும் நாச்சியார் அருளால் நிலைக்கட்டும்.

கோபுரம் விடட்டாம்! அண்ணை, உங்களை நான் திருத்த ஏலாது. ஆனால் நீங்கள் நினைவில்லை என்று கைவிட்டதை அம்மா கைவிடவில்லை. அவவின் பெட்டியில் ஒரு படம் இருந்தது. கதவேதான்! இரட்டைக் கதவு, மேலே கண்ணாடி, ஒரு கண்ணாடி உடைந்து தகரம் அடித்திருக்கிறது. முன்னால் சிரித்துக்கொண்டு நான். பின்பக்கத்தில் அம்மாவின் எழுத்து: "எங்கட வீட்டு வாசலில் நிரோஜா." மச்சாளின் போனுக்கும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

உயரம் எவ்வளவென்று தெரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். பிறகு ஒரு வழி பிடித்தேன். வசாவிளானை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு மூன்று வயது. மூன்று வயதுப் பிள்ளை மூன்றடி ஓர் அங்குலம் இருக்கும். அந்தக் கணக்கில் கதவு ஐந்தடி எட்டங்குலம். இவ்வளவு பதிவாக இருக்கிறதே என்று றெபேக்கா கேட்டாள். எங்கள் ஊரில் குனிந்துதான் வீட்டுக்குள் போவோம், அது ஒரு மரியாதை என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவளுக்கு நல்லாப் பிடித்துவிட்டது. உடைந்த கண்ணாடியையும் கணினியில் நீலமாக நிரப்பிவிட்டேன்.

அவளுடைய கேள்வித்தாளிலும் நீங்கள் எழுதினபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன்: எங்களுக்கு முதல் யாரும் இல்லை.

நவம்பர் 22ஆம் திகதி தொடங்குகிறது. உங்களுக்கு ஏதும் மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள். வராவிட்டால் சம்மதமென்று எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்
நிரோஜா


சிவமயம்

யாழ்ப்பாணம்
08.11.2024

அன்பான தங்கச்சிக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்தக் கடிதத்தில் எனக்குச் சொல்ல நல்லது ஒன்றுமில்லை.

அந்தக் கதவை விடாதே. அது வசாவிளான் வீடு அல்ல. எங்கள் வீடே அல்ல.

படத்தை நல்லாப் பார். உனக்கு முன்பல் இரண்டும் இல்லை. அப்போது உனக்கு ஆறு வயது. வசாவிளான் கதவு வெறும் பலகைக் கதவு. இது யாழ்ப்பாண ரவுனில் மீராசாகிபு என்ற தையற்கடைக்காரரின் வீடு. கதவு ஏழடி. குனிய வேண்டியதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் நாங்கள் வசாவிளானை விட்டு ஓடி வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோம். ஐப்பசி முடிவில் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகச் சொன்னது. கையில் எடுத்ததோடு போனார்கள். ஒரு மாதம் கழித்து, வெறும் வீடுகள் கிடக்கின்றன என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியேறினேன். அடுப்படியில் கழுவி வைத்த பீங்கான்கள் அப்படியே இருந்தன. நீ படத்தில் போட்டிருக்கிற சட்டையின் துணியும் அவர்களுடைய அலுமாரியில் இருந்ததுதான்.

அம்மா முதல் வருசம் "அவையின்ர வீடு" என்றுதான் சொன்னா. பிறகு எப்போது மாற்றினா என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்தில் நீ அம்மாவோடு வெளிக்கிட்டபோது உனக்கு எட்டு வயது. ஆமி வருகுது, வீட்டை விட்டுப் போறம் என்று அழுதாய். இரண்டு வீடும் உனக்குள் ஒன்றாகிப்போனது. நாங்கள் யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

றெபேக்கா என்ற அந்தப் பிள்ளையிடம் வேறு ஏதும் சாட்டுச் சொல்லி நிற்பாட்டு.

அண்ணை


மொன்றியல்
09.12.2024

அன்புள்ள அண்ணை, மச்சாள்,

பனி விழத் தொடங்கிவிட்டது. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மற்றபடி சந்தோசத்தில் மிதக்கிறேன். இங்கே தபால்காரர்கள் மூன்று கிழமையாக வேலைநிறுத்தம். உங்கள் கடிதமும் வரவில்லை, இதுவும் எப்போது போகுமோ தெரியாது. ஆனாலும் இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

பதினொரு நாள் நடந்தது. இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஐந்து மணிக்குத் தொடங்குவோம். களஞ்சியச் சுவர் கரடுமுரடான கல். ஒவ்வொரு கல்லின் பள்ளம் மேட்டுக்கும் படத்தை வளைத்துச் சரிப்படுத்தினேன். ஒன்பது கதவுகளும் எரிந்தபோது சனம் சத்தம் போடவில்லை, கிட்டப் போய் நின்றது. ஒரு பெரியவர், எங்கள் ஆள், செயின்ட்-மிஷேலில் இருந்து மெற்றோ பிடித்து வந்தவர், என் கதவுக்கு முன்னால் பனிக்குள் சப்பாத்தைக் கழற்றப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். "பிள்ளை, வீட்டுக்குள்ள எப்பிடிச் சப்பாத்தோட போறது?" என்றார்.

ஒவ்வொரு கதவுக்காரரும் தங்கள் கதவடியில் நின்று ஒரு வரி சொல்ல வேண்டும். நான் முதலில் தமிழில் சொன்னேன், பிறகு பிரெஞ்சில். "இது எங்கட வீடு. எங்களுக்கு முதல் அங்க ஒருத்தரும் இருக்கேல்லை." பதினொரு நாளும் சொன்னேன். கடைசி நாள் றெபேக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் லேசில் யாரையும் தொடுகிறவள் அல்ல.

உங்கள் மறுப்பு வரவில்லை என்று அப்படியே விட்டேன். கோபமில்லையே?

உங்கள் இருவரையும் கண்முன் நிறுத்திக்கொண்டு
நிரோஜா


மொன்றியல்
14.01.2025

அண்ணை,

நீங்கள் சுகமென்றே நினைக்கிறேன்.

உங்கள் நவம்பர் கடிதம் முந்தநாள் வந்தது. வேலைநிறுத்தத்தில் அகப்பட்டு எங்கோ ஒரு மூட்டைக்குள் கிடந்திருக்கிறது. டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போன வழியில் பெட்டியைத் திறந்தேன். படிக்கட்டில் நின்றே வாசித்தேன். பால் வாங்காமல் திரும்பி ஏறிவிட்டேன்.

என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம்தான் அவளுக்கு முன்பல் விழுந்தது. அந்த வெறும் முரசை நான் போனில் படம் பிடித்து மச்சாளுக்கும் அனுப்பினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு கதவு ஐந்தடி எட்டங்குலம் வந்தால் கணக்கில் பிழையென்றுதானே எவளும் நினைப்பாள்? நான் ஊர் வழக்கமென்று கதை கட்டினேன். அதுவும் வீட்டை இழந்த ஒருத்தியிடம்.

எனக்கு வெட்கமாயிருக்கிறது. உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது. சாட்டுச் சொல்லி நிற்பாட்டு என்கிறீர்கள். எத்தனை சாட்டு அண்ணை?

அந்தப் பதினொரு நாளும் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். றெபேக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த வீடு இப்போது நிற்கிறதா? யார் இருக்கிறார்கள்?

நிரோஜா


சிவமயம்

யாழ்ப்பாணம்
05.02.2025

அன்பான தங்கச்சிக்கு,

உன் மார்கழிக் கடிதமும் தைக் கடிதமும் ஒரே கிழமையில் வந்தன. உன் தொண்டை சுகமாகியிருக்கும்.

வீடு நிற்கிறது. நான்தான் இருக்கிறேன். நீ உறையில் எழுதுகிற முகவரி அந்த வீட்டினுடையதுதான். வாடகை வீடு என்று அம்மா உனக்குச் சொல்லியிருந்தா. அதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில், சமாதான காலத்தில், மீராசாகிபு வந்தார். தனியே வந்து கேற்றடியில் நின்றார். அப்பா அறைக்குள் போய்விட்டார். எனக்கு அப்போது காது நல்லாய்க் கேட்கும். "தம்பி, ஐயா இருக்கிறாரா?" என்று கேட்டார். "இல்லை, பேந்து வாங்கோ" என்றேன். அவர் என்னைத் தாண்டி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், அவருடைய கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய்க் கேற்றுக்கு மேலால் நீட்டினேன். புத்தளத்து முகவரியை ஒரு துண்டில் எழுதித் தந்து, கதைக்க வேண்டுமென்றால் எழுதுங்கள் என்று சொல்லிப் போனார். அம்மாவுக்கு மாதா மாதம் கடிதம் எழுதின கைதான் இது. அந்த முகவரிக்கு ஒரு வரி எழுதவில்லை. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு அவர் புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் வந்துபோன பயத்தில் அப்பா நொத்தாரிசிடம் போனார். பத்து வருசத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்ததாகச் சொல்லி ஆட்சியுறுதிப் பத்திரம் முடித்தார். சாட்சிக் கையெழுத்து நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உன் கலியாணத்துக்கு நீ சீதனம் வேண்டாம் என்றாய். எல்லோரும் மெச்சினார்கள், அப்பாவும் தலையாட்டினார். ஆனால் பொம்பிளைப்பிள்ளைக்கு வீடு எழுதாமல் விட்டால் சனம் என்ன சொல்லும் என்று, உன்னிடம் கேளாமலே அந்த வீட்டை உனக்குச் சீதன உறுதியாக எழுதினார். உனக்குப் பதிலாக ஏற்றுக் கையெழுத்து வைத்ததும் நான்தான். நிரோஜா, அந்த வீடு உன் பேரில் இருக்கிறது.

நவம்பரில் ஜெகதீஸ்வரியின் போனால் "விடாதே" என்று ஒரு சொல் அனுப்பியிருக்கலாம். அவ இவ்வளவு காலமும் வீடு முறையாக வாங்கினதென்று நம்பியிருந்தா. அவவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். கடிதம் போட்டுவிட்டேன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே வேலைநிறுத்தம் என்று பேப்பரில் பார்த்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது எல்லாவற்றையும் அவவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சமையல் இல்லை.

அண்ணை


மொன்றியல்
02.03.2025

அன்புள்ள அண்ணை,

நானும் கஜீவனும் சுகமென்றுதான் சொல்ல வேண்டும். மச்சாள் சாப்பிடுகிறாவா?

றெபேக்காவிடம் சொல்லிவிட்டேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரிச் சுவரில் வைகாசியில் திரும்பவும் விடப்போகிறோம். அதை அளக்கப் போன இடத்தில், காருக்குள் வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொன்னார்கள். நீ கேட்டவுடனே சொன்னாய். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்" என்றாள். பிறகு, "வேலைக்கு வா. கதவு வேண்டாம்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் வானொலியைப் போட்டுவிட்டாள்.

அண்ணை, என்னை யாராவது காப்பாற்றுவார்களா என்றுதான் முதலில் யோசித்தேன். கஜீவன், "உமக்குத் தெரியாமல் எழுதினது, உம்மில பிழையில்லை" என்கிறார். அது எனக்குக் காணாது. பதினொரு நாள் சனத்துக்கு முன்னால் எங்கட வீடு என்று சொன்னேனே. உறுதிப்படி அது பொய்கூட இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

இங்கே ஒரு நொத்தாரிசிடம் போய் அற்றோணிப் பத்திரம் முடித்து, தூதரகத்தில் முத்திரையும் குத்தி இதோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்து வைக்கலாம். மீராசாகிபுவின் குடும்பத்தைத் தேடி வீட்டை அவர்கள் பேருக்குத் திருப்பி எழுதுங்கள்.

நிரோஜா


யாழ்ப்பாணம்
28.03.2025

மச்சாள் நிரோஜாவுக்கு,

உம்முடைய சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்கிறேன். என் சுகத்தை நான் எழுதினால் உறை கொள்ளாது.

உம்முடைய பத்திரம் வந்தது. உம்முடைய அண்ணை அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, சங்கக்கடைக்குப் போகிறார், வருகிறார். என்னோடு கதைப்பதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

உமக்கு இது ஒரு கையெழுத்து. எனக்கு இருபது வருசம். இந்தக் கூரையை மாற்றினது நான். அந்த நிலத்துக்குச் சீமெந்து போட்டது நான். என் சீதனக் காணி முகமாலையில் மிதிவெடிக்குள் கிடக்கிறது. அதை யாரும் சுவரில் படமாக விடவில்லை. இந்த முழங்காலோடு நான் எங்கே போவது? நீர் ஒரு சுவரில் பிழையாகப் படம் காட்டின வெட்கத்துக்கு, நான் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமா?

ஆனால் ஒன்று சொல்லுகிறேன். உம்முடைய அண்ணை சொன்ன நாளில் இருந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள எனக்குக் கை கூசுகிறது. அதற்காகவும் உம்மில் எனக்குக் கோபம். தெரியாமல் இருந்திருந்தால் இருந்திருப்பேன்.

மகளுக்கு என் முத்தம். அவள் ஒன்றும் அறியாதவள்.

ஜெகதீஸ்வரி


மொன்றியல்
21.04.2025

அன்புள்ள மச்சாளுக்கும் அண்ணைக்கும்,

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

மச்சாள், நீங்கள் எழுதினதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கமாட்டேன். எனக்கு இங்கே மூன்று அறை வீடு இருக்கிறது, சூடு இருக்கிறது. கொடுக்கிறது நான், எழும்புகிறது நீங்கள். இதை எப்படிச் சமப்படுத்துவது என்று தெரியவில்லை. வாடகைக்கு வீடு பாருங்கள், அது எங்கள் பொறுப்பு. கஜீவனும் சம்மதம். அதை உதவி என்று நினைக்காதீர்கள். பத்திரத்தைத் திருப்பி வாங்க மட்டும் என்னால் முடியாது. தெரிந்தபிறகு அந்த வீடு என் பேரில் இருக்கிற ஒவ்வொரு நாளும் நானும் ஒலிபெருக்கி பிடித்தவன் மாதிரித்தான்.

அண்ணை, அவர்களைக் கண்டால் இன்னொன்றும் கேளுங்கள். றெபேக்காவிடம் திரும்பவும் கதைத்தேன். வைகாசிக்கு ஒன்பதாவது இடத்தை இருட்டாகவே விடப்போகிறாள். ஐப்பசியில் இன்னொரு சுவர் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால், அவர்களுடைய பேரோடு, ஏழடியில், அந்தக் கதவை விடலாம் என்கிறாள். நான் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லுவேன். ஆனால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். இதையாவது சரியாகச் செய்ய ஆசைப்படுகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

நிரோஜா


சிவமயம்

கோண்டாவில்
27.07.2025

அன்பான தங்கச்சி நிரோஜாவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் குறை நினைக்காதே. சுகமாக இருக்கிறோம். ஜெகதீஸ்வரியின் தமக்கையின் வளவுக்குள் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். ஜெகதீஸ்வரி தானே ஒரு நாள் பீங்கான்களைப் பெட்டியில் கட்டத் தொடங்கினா.

புத்தளத்துக்குப் போனேன். அந்தத் துண்டு இருபத்திரண்டு வருசமாக என் பேர்ஸுக்குள் இருந்தது, எழுத்து அழிந்துவிட்டது. ஆனாலும் முகவரி எனக்கு மனப்பாடம். மீராசாகிபுவின் மகள் ஜெஸீமா வந்து கதவைத் திறந்தா. உன் வயதுதான். தாய் படுக்கையில். நான் யாரென்று சொல்ல என் வாய் குழறிவிட்டது. அவவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே வரச் சொன்னா, நாற்காலி போட்டா. தேத்தண்ணி தந்தா. நிரோஜா, அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உறுதி அவ பேருக்கு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு வராமல், ஒரு சட்டத்தரணி மூலமாகக் கையெழுத்து வைத்தா. வீட்டுக் கதவின் திறப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்கு வருவாவாம். இருக்க வருகிறாவோ, விற்க வருகிறாவோ, நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவ வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

நீ கேட்கச் சொன்னதையும் கேட்டேன். போனில் உன் படத்தைக் காட்டினேன். சுவர், பனி, சனம், நீ கதவடியில் நிற்கிறது எல்லாம். கன நேரம் பார்த்தா. தாயிடம் கொண்டுபோய்க் காட்டினா. திரும்பி வந்து ஏதோ சொன்னா, எனக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதித் தந்தா. அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

"உங்கட தங்கச்சிக்குச் சொல்லுங்க. எங்கட பேரைப் போட்டும் காட்ட வேணாம், போடாமலும் காட்ட வேணாம். நாங்க வெளிக்கிடும்போது எனக்கு ரெண்டு வயசு. வாப்பா கேற்றடியில நின்று பாத்தாங்க. கனடாவுல சனமெல்லாம் பதினொரு நாள் பாத்திருக்கு. நான் இன்னும் அந்த வாசலப் பாக்கல்ல."

அண்ணை